பழைய பண்ணைவீடு, மரக்கொட்டகை வாட்டர்கலர்: எங்கே சொதப்புகிறது, எப்படிச் சரிசெய்வது

வாட்டர்கலர் கொஞ்சம் கைக்குப் பழகியதும் நம் ஆட்களில் நிறையப் பேர் ஒரு தடவையாவது வரைய உட்காரும் விஷயம் அமெரிக்கக் கிராமத்துப் பழைய பண்ணைவீடும், அதற்குப் பக்கத்தில் வெயிலிலும் பனியிலும் வெளுத்துப்போய் நிற்கும் அந்தப் பெரிய மரக்கொட்டகையும்தான். யூடியூப் பாடங்களில் அதுதான் திரும்பத் திரும்ப வரும், பின்டரெஸ்டைத் திறந்தாலும் அதுதான். பார்வைக்குச் சுலபம் வேறு. ஒரு பெட்டி, மேலே ஒரு கூரை, முன்னால் கொஞ்சம் புல், முடிந்தது. வரைந்து முடித்துச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்க்கும்போதுதான் ஏதோ உறுத்தும், எது என்று மட்டும் பிடிபடாது. அதனால் இதைக் குறைவாரியாக எழுதுகிறேன். உங்கள் படத்தில் எது உறுத்துகிறதோ நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள், மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை. படத்தை ஃபோனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வெயில் படும் சுவர், நிழலில் இருக்கும் சுவர், கூரை, திறந்த கதவின் உள்பக்கம், இந்த நான்கும் வேறு வேறு அடர்த்தியில் தனித்தனியாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் நல்லது, மிச்சமெல்லாம் சின்ன வேலை. நான்கும் ஒரே சாம்பலாகக் கலந்துபோயிருந்தால் பலகைக் கோடு எத்தனை போட்டாலும், விரிசல் எத்தனை கீறினாலும் படம் எழுந்து நிற்காது. முதலில் நிழல் சுவரை இன்னொரு சுற்று அடர்த்தியாக்குங்கள். "பழசாகவே தெரியலையே" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் நாம் என்ன செய்கிறோம், இருப்பதிலேயே சின்ன பிரஷை எடுத்துக் கீறல் போட ஆரம்பித்துவிடுகிறோம். வெயில் எங்கே அடித்தது, மழைத்தண்ணீர் எங்கே வழிந்தது, எந்த மூலைக்கு இரண்டுமே எட்டவில்லை என்று கேட்டுக்கொண்டு வரைந்தால் கீறல் போடும் வேலையே பெரிதாக மிஞ்சாது.

பலகை புத்தம் புதுசாகத் தெரிகிறது

இதற்குக் கொஞ்சம் மரத்தின் கதை தெரிய வேண்டும். வண்ணம் பூசாத மரத்தின் மேல் வெயில் அடிக்கும்போது புற ஊதாக் கதிர்கள் மரநாரை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினைச் சிதைக்கின்றன, சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது, மிச்சம் நிற்பது வெளிறிய நார் மட்டும். அந்த வெள்ளிச் சாம்பல் நிறம் அப்படி வருவதுதான். பைன் போன்ற மென்மரங்களில் இப்படி அரிப்பது நூறு வருஷத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். அதிலும் ஒரே சீராக அரிக்காது. மரத்தின் வளையங்களில் மிருதுவான பகுதி சீக்கிரம் குழிந்துபோகும், கெட்டியான பகுதி வரப்பு மாதிரி மேலே நிற்கும், முடிச்சுகள் துருத்திக்கொண்டு நிற்கும்.

இப்போது இதை ஒரு முழுச் சுவருக்குப் பொருத்திப் பாருங்கள். இறவாணத்துக்கு, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்புக்குக் கீழே வெயிலும் மழையும் அவ்வளவாக எட்டாது, அங்கே மரம் இன்னும் பழுப்பாகவே இருக்கும், பழைய பெயின்ட்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். நடுச்சுவர்தான் நன்றாக வெளுத்த இடம். தரையை ஒட்டிய ஒரு முழ உயரத்துக்கு மழைத்துளி தெறித்துத் தெறித்து ஈரம் ஏறி, கறுத்து, சில சமயம் பாசி பிடித்திருக்கும். ஆக, ஒரு சுவர், மூன்று பட்டை. உங்கள் படத்தில் பலகை புதுசாகத் தெரிந்தால் சுவர் முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒரே கலரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கிட்டத்தட்ட எப்போதும் அதுதான் காரணமாக இருக்கும்.

சரிசெய்ய: புதிதாக ஆரம்பிப்பதானால் முதல் வாஷையே (தண்ணீராகக் கரைத்துப் பரப்பும் பூச்சு) இந்த மூன்று பட்டையாகப் போடுங்கள். மேலே பர்ன்ட் சியன்னாவும் கொஞ்சம் ரா அம்பரும், அது காய்வதற்குள் கீழே இழுத்து நடுவில் தண்ணீரான சாம்பல், அதன் அடியில் ரா அம்பரோடு துளி பச்சை. எல்லை தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரையட்டும். ஏற்கெனவே வரைந்த படமென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு இறவாணத்தின் கீழ் ஒரு மெல்லிய பர்ன்ட் சியன்னா, அடியில் ஒரு மெல்லிய பச்சை கலந்த பழுப்பு, அதன் மேல் விளிம்பை ஈர பிரஷால் கரைத்துவிடுங்கள். நடுவை வெளுக்க வேண்டுமானால் சுத்தமான ஈர பிரஷால் தடவி டிஷ்யூவால் ஒற்றி எடுக்கலாம். பருத்தித் தாள் இதைத் தாங்கும், விலை குறைந்த தாளில் மேல்தோல் உரிந்துவிடும், அங்கே அதைச் செய்யாதீர்கள்.

பலகைக் கோடுகளுக்கு வருவோம். இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு கோடு என்று ஸ்கேல் வைத்தது மாதிரி எல்லாக் கோட்டையும் போட்டால் அது புதிதாகப் போட்ட வேலியாகிவிடும். மூன்றில் ஒரு கோடு போதும், அதுவும் பாதி வழியில் காணாமல் போகலாம். நடுநடுவே ஒன்று அகலமான இடைவெளி, ஒன்று மயிரிழை, ஒரு பலகை மட்டும் பின்னால் மாற்றியதாகக் கொஞ்சம் மஞ்சளாக. இரும்பு ஆணிகள் இருக்கும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு கறுத்த ஒழுகல் வரும், ஓக் மரமென்றால் அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து நன்றாகவே கறுக்கும். இதை இரண்டு மூன்று இடத்தில் வைத்தால் அழகு, இருபது இடத்தில் வைத்தால் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம், பண்ணைவீட்டின் சுவரில் பலகைகள் பெரும்பாலும் படுக்கைவாட்டில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இருக்கும், கொட்டகையில் பெரும்பாலும் நெட்டுக்குத்தாக இருக்கும். இரண்டையும் ஒரே திசையில் வரைந்துவிட்டு எது வீடு எது கொட்டகை என்று தெரியாமல் நிற்கும் படங்களை நிறையப் பார்க்கலாம்.

கோடு வேண்டுமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் இரண்டு அமெரிக்க ஓவியர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சார்லஸ் ஷீலர் பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டி கொட்டகைகளைக் கேமராவிலும் எடுத்தவர், 1917ல் அவர் எடுத்த வெள்ளைக் கொட்டகைச் சுவர் கிட்டத்தட்ட முழுக்கப் பலகைக் கோடுதான். எட்வர்ட் ஹாப்பர் கேப் காட் (Cape Cod) தீபகற்பத்தில் சவுத் ட்ரூரோ என்ற இடத்தில் 1930 முதல் 1933 வரையிலான காலத்தில் வரைந்த காப் பண்ணைக் கொட்டகைகளில் எல்லாமே வெயில் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம் என்ற பெரிய வடிவங்கள். இரண்டு வழியும் சரி. ஒரே படத்தில் பாதி அவர், பாதி இவர் என்று வைத்தால்தான் தகராறு.

சாம்பல் நிறம் சிமெண்டு மாதிரி இருக்கிறது

டியூபிலிருந்து நேராகப் பெய்ன்ஸ் கிரே, அல்லது கறுப்போடு வெள்ளை. வேறு காரணமே இருக்க வாய்ப்பு குறைவு. பழைய மரத்தின் சாம்பலுக்குள் பழுப்பும் நீலமும் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும், டியூப் சாம்பலில் அது இல்லை.

அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த இரண்டே போதும். பலெட்டில் முழுக்கக் கலக்காமல் பாதியில் நிறுத்தி, ஒரு பலகையில் நீலம் கொஞ்சம் தூக்கலாக, அடுத்ததில் பழுப்பு தூக்கலாகத் தாளிலேயே சேரவிடுங்கள். அல்ட்ராமரைனின் நிறமித் துகள்கள் தாளின் குழிகளில் போய் உட்காரும், அந்தப் பொரிப்பொரியான தன்மை மரத்தின் சொரசொரப்பை இலவசமாகவே கொடுத்துவிடும். மாணவர் தர டியூபில் இது கொஞ்சம் மங்கலாகத்தான் வரும், அல்ட்ராமரைன் ஒன்றை மட்டுமாவது ஆர்ட்டிஸ்ட் தரத்தில் வாங்கிக்கொள்வது நல்ல செலவு.

ஏற்கெனவே சிமெண்டாகிவிட்டதென்றால் தூக்கிப்போட வேண்டாம். காய்ந்த பிறகு தண்ணீரான யெல்லோ ஓக்கரை அங்கங்கே, சுவர் முழுக்க இல்லாமல், திட்டுத்திட்டாக ஓட்டுங்கள். அதுவும் போதவில்லையென்றால் சுவரை விட்டுவிட்டுச் சுவருக்குப் பக்கத்தில் கைவையுங்கள். புல்லைக் காய்ந்த வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்தால் சாம்பல் தானாகவே உயிர் பெறும். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையத் 1948ல் டெம்பராவில் (முட்டைக் கருவில் நிறமியைக் குழைக்கும் முறை) வரைந்த 'கிறிஸ்டினாஸ் வேர்ல்டு' எல்லாருக்கும் தெரிந்த படம், மெய்ன் மாநிலத்தின் குஷிங் ஊரில் உள்ள ஆல்சன் வீடு அது. படத்தின் பெரும்பகுதி பழுத்துக் காய்ந்த புல்வெளி, மேட்டில் சாம்பல் வீடு. வீட்டை மட்டும் விரலால் சுற்றி மறைத்துத் தனியாகப் பாருங்கள், சாதாரணமான சாம்பல்தான்.

சிவப்புக் கொட்டகை கத்துகிறது

காட்மியம் ரெட்டைத் தொடவே தொடாதீர்கள், தீயணைப்பு வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் விவசாயிகள் கொட்டகைக்குப் பூசிய சிவப்பு கடையில் வாங்கிய ஆடம்பர நிறம் கிடையாது. ஆளிவிதை எண்ணெயில் இரும்பு ஆக்ஸைடைக் குழைத்து, சில இடங்களில் பாலும் சுண்ணாம்பும் சேர்த்து, மரத்தைக் காப்பாற்றுவதற்காகப் பூசியது. சுருக்கமாகச் சொன்னால் துரு. நம் பெட்டியில் இருக்கும் லைட் ரெட், இண்டியன் ரெட், வெனிஷியன் ரெட் எல்லாமே அதே இரும்பு ஆக்ஸைடுதான். அதே பொருளால் வரையும்போது நிறம் தானாகவே அடங்கி வரும்.

வெயில் பக்கத்துக்கு லைட் ரெட்டோடு துளி யெல்லோ ஓக்கர், தாராளமாகத் தண்ணீர். நிழல் பக்கத்துக்கு அதே லைட் ரெட்டில் அல்ட்ராமரைன் சேர்த்தால் ஊதா சாய்ந்த அடர் சிவப்பு வரும். அலிசரின் கிரிம்சனைச் சேர்க்க ஆசையாக இருக்கும், அழகாகவும் இருக்கும், ஆனால் பழைய வகை அலிசரின் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் நிறமி. சுவரில் மாட்டப்போகும் படமென்றால் பெர்மனென்ட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

பெயின்ட் உரிந்த சுவர் வேண்டுமா? நடந்த வரிசையிலேயே வரையுங்கள். முதலில் முழுச் சுவருக்கும் சாம்பல் மரம், நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் சிவப்பை டிரைபிரஷில் (கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் தாளை உரசி ஓட்டுவது), இறவாணத்தை ஒட்டி அடர்த்தியாகவும் கீழே வரவரக் குறைவாகவும். சிவப்பு வாஷ் போட்டுவிட்டு அதன் மேல் சாம்பல் திட்டுகளை ஒட்டவைத்தால் அது உரிந்த பெயின்ட் மாதிரி தெரியாது, அழுக்கு மாதிரி தெரியும்.

ஏற்கெனவே கத்தும் சிவப்புக்கு வைத்தியம், காய்ந்த பிறகு மேலே சொன்ன அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா சாம்பலை மிகத் தண்ணீராக்கி அகலமான பிரஷில் ஒரே இழுப்பு. திரும்பித் தொட்டால் அடியில் இருக்கும் சிவப்பு கரைந்து எழுந்துவிடும்.

எல்லாக் கொட்டகையும் சிவப்பு என்றும் நினைக்க வேண்டாம். பென்சில்வேனியாவில் வெள்ளை நிறைய, கென்டக்கியில் புகையிலை காயவைக்கும் கொட்டகைகள் கறுப்பு, அப்பலாச்சிய மலைப்பக்கம் வண்ணமே காணாத சாம்பல் நிறைய. சிவப்பு பிடிபடவில்லையென்றால் கறுப்புக் கொட்டகை ஒன்றை வரைந்து பாருங்கள், அதன் மேல் விழும் வானத்து நீலம் உங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுக்கும்.

கூரை சரியாக உட்காரவில்லை

இதில் இரண்டு வகை. கொட்டகை சாய்ந்திருக்கிறது என்பது ஒன்று, வரைந்தவர் கை சாய்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

முதலில் பெர்ஸ்பெக்டிவ். முக்கோணமாக முடியும் பக்கச் சுவரின் செவ்வகப் பகுதிக்கு மூலைவிட்டம் இரண்டும் போடுங்கள். அவை வெட்டும் இடத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு ஏற்றினால் முகடு அதன் மேல்தான் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து நடுவில் வைத்தால் பெரும்பாலும் முன்பக்கமாகத் தள்ளிவிடுவோம், கூரை சறுக்கி விழுவது போல் இருக்கும். கேம்ப்ரல் கூரை, அதாவது கீழ்ப்பாதி செங்குத்தாகவும் மேல்பாதி சாய்வாகவும் இரண்டு மடிப்பாக இருக்கும் கூரை என்றால், மடிப்பு விழும் இரண்டு புள்ளிகளையும் முகட்டின் அதே மறைபுள்ளியை (தூரத்தில் கோடுகள் போய்ச் சேரும் புள்ளி) நோக்கிக் கோடு இழுத்துப் பின்பக்கம் கொண்டுபோங்கள். இதை விட்டுவிட்டால் பின்பக்கம் வேறு கொட்டகையாகிவிடும்.

அப்புறம் தொய்வு. பழைய கூரையில் கைமரங்கள் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும், சுவர் கொஞ்சம் விலகும், நடுவில் முகடு இறங்கும். இரண்டு முனையில் இருக்கும் பக்கச் சுவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் தொய்வு நடுவில், முனையில் இல்லை. அந்த வளைவும் மிகக் கொஞ்சம், ஸ்கேலை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவு போதும். படத்தில் எங்காவது ஒரு நேரான செங்குத்துக் கோட்டை விட்டுவையுங்கள், மின்கம்பமோ, பண்ணைகளில் நிற்கும் உருளையான தீவனக் கோபுரமான சைலோவின் விளிம்போ. அது இருந்தால்தான் மற்றது சாய்ந்திருப்பது வேண்டுமென்றே வரைந்தது என்று தெரியும். சைலோ என்றதும் ஞாபகம் வருகிறது, கண் மட்டத்துக்கு மேலே இருக்கும் வளையங்கள் மேல்நோக்கி வளையும், கீழ்நோக்கி வளைத்தால் சைலோ தொட்டியாகிவிடும்.

தகரக் கூரையில் துரு வரைகிறீர்களா, தண்ணீர் போகும் வழியில் வரையுங்கள், முகட்டிலிருந்து இறவாணத்தை நோக்கி. தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் விளிம்பிலும் ஆணித் துளையிலும்தான் துரு தொடங்கும். படுக்கைவாட்டில் துருப் பட்டை போட்டால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும்.

ஃபோனில் கிட்ட நின்று எடுத்த புகைப்படத்தை வைத்து வரைந்தால் செங்குத்துக் கோடுகள் எல்லாம் மேலே குவியும். அதைத் தாளில் அப்படியே நகலெடுக்காமல் நிமிர்த்திவிடுங்கள்.

நிழல் எங்கேயோ தப்பாக இருக்கிறது

இது நம் ஊரிலிருந்து வரைகிறவர்களுக்கே உரிய பிரச்சினை. நம் கண்ணுக்குப் பழகியது உச்சியிலிருந்து அடிக்கும் வெயில், இறவாணத்தின் கீழ் அகலமாக விழும் கறுப்பு நிழல், தரையில் காலடியிலேயே முடிந்துவிடும் நிழல். பென்சில்வேனியா கிட்டத்தட்ட 40 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 27 டிகிரியைத் தாண்டாது, அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். சூரியன் தாழ்ந்திருந்தால் வெயில் இறவாணத்தின் அடிக்குள் புகுந்துவிடும், சுவரில் விழும் நிழல் மெல்லிய பட்டைதான், ஆனால் தரையில் கொட்டகையின் நிழல் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு நீளும். பனிக்காட்சியில் சுவரின் மேல்பாதி முழுக்க நிழலும் தரையில் துளி நிழலும் வைத்தால் அது சித்திரை வெயிலில் பனி பெய்த மாதிரி. இறவாண நிழலை ஒடுக்குங்கள், தரை நிழலை நீட்டுங்கள். அந்த ஊரில் தெற்குப் பார்த்த சுவர்தான் அதிகம் வெளுக்கும், வடக்குச் சுவரில்தான் பாசி.

கொட்டகை தரையில் நிற்காமல் மிதக்கிறது

சுவரின் அடியில் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு கறாரான கோடு இருக்கிறதா? அதுதான். சில இடங்களில் புல் சுவரின் மேல் ஏறட்டும், சில இடங்களில் சுவர் நிழலோடு கரைந்து எது தரை எது சுவர் என்று தெரியாமல் போகட்டும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் கல் அடித்தளத்தின் மேல் நிற்பவை, நாலைந்து கல்லைக் காட்டினாலே எடை வந்துவிடும், அத்தனை கல்லையும் வரைய வேண்டாம். தரையில் விழும் நிழல் மேடு பள்ளத்தோடு ஏறி இறங்க வேண்டும். தட்டையாகப் போனால் கொட்டகை ஒரு தட்டின் மேல் வைத்ததாகத் தெரியும்.

பென்சில்வேனியாவின் மலைச்சரிவுக் கொட்டகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சரிவைக் குடைந்து கட்டியவை அவை. மேட்டுப் பக்கம் வண்டி நேராக மேல்தளத்துக்குள் போகும், பள்ளத்துப் பக்கம் கீழ்தளத்தில் மாடுகள், மேல்தளம் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். தரையை நேர்கோடாக இழுத்துவிட்டு இதை வரைந்தால் ஒரு பக்கம் புதைந்தும் மறுபக்கம் மிதந்தும் இருக்கும். தரைச் சரிவை முதலில் பென்சிலில் போட்டுவிட்டுப் பிறகு கட்டடத்தை வையுங்கள்.

கதவும் ஜன்னலும் கறுப்பு ஓட்டையாக இருக்கின்றன

கறுப்பு டியூபை மூடி வையுங்கள். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கெட்டியாகக் கலந்து, பழுப்பு தூக்கலாக வைத்துக்கொள்ளுங்கள். திறப்பின் மேல்பகுதி அடர்த்தி, கீழே வரும்போது ஈரம் காய்வதற்குள் பர்ன்ட் சியன்னாவைத் தொட்டுவிடுங்கள், வாசலில் விழும் வெயில் தரையில் பட்டு உள்ளே எகிறுவதால் அடிப்பகுதி எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். காய்ந்து சுருங்கிய பலகைகளின் இடைவெளி வழியாகப் பின்பக்கத்து வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும், அந்த ஒன்றிரண்டு கோட்டை முன்கூட்டியே மாஸ்கிங் திரவத்தால் மறைத்துவைத்தாலும் சரி, காய்ந்த பிறகு பிளேடு முனையால் சுரண்டினாலும் சரி, உள்ளே இடம் இருப்பதாகக் கண்ணுக்குப் பட்டுவிடும்.

வீட்டு ஜன்னல் வேறு. அதில் கண்ணாடி உண்டு. பாதி வானத்தைப் பிரதிபலிக்கும், பாதி இருட்டு. எல்லா ஜன்னலையும் ஒரே மாதிரி வரையாதீர்கள், அவ்வளவுதான்.

டிரைபிரஷ் வரவே மாட்டேன் என்கிறது

பழைய மரத்துக்கு டிரைபிரஷ் இல்லாமல் முடியாது, வையத் தன் வாழ்நாள் முழுக்க இதை வைத்துத்தான் பாதி வேலை செய்தார். பிரஷிலிருந்து தண்ணீரையும் கலரையும் பிழிந்தெடுத்துவிட்டு, மயிரை விரித்து, கீழே இருக்கும் வாஷின் மேல் நெசவு மாதிரி ஓட்டுவது அவர் முறை.

கோடு கொழகொழவென்று நிரம்பிவிட்டால் பிரஷில் தண்ணீர் அதிகம். கலரைத் தொட்டதும் மயிரின் அடிப்பகுதியை, உலோகம் தொடங்கும் இடத்தை, டிஷ்யூவால் அழுத்துங்கள், நுனியை அழுத்தினால் கலர் போய்விடும், தண்ணீர் நிற்கும். அப்புறம் பிரஷின் நுனியால் இழுக்காமல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து வயிற்றால் வேகமாக இழுங்கள். மெதுவாகப் போனால் குழி நிரம்பிவிடும். தாள் வழவழப்பாக இருந்தால் என்ன செய்தாலும் வராது, சொரசொரப்பான கோல்ட் பிரஸ்டு அல்லது ரஃப் தாள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தேவை.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் காற்றைப் பாருங்கள். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற கடற்கரை ஊர்களில், குறிப்பாக மழை மாதங்களில், அடி வாஷ் காய்ந்ததாகத் தெரிந்தாலும் தாளுக்குள் ஈரம் இருக்கும். புறங்கையைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் காயவில்லை. ஹேர் டிரையர் போடலாம், ஆனால் போட்டதும் தாள் ஆறும்வரை பொறுங்கள். யூடியூபில் பாடம் நடத்துகிறவர் "ஐந்து நிமிடம் காயவிடுங்கள்" என்று சொன்னால் அது அவர் ஊர்க் காற்றின் கணக்கு.

நிழல் சேறாகிவிட்டது

மூன்று நிறமிக்கு மேல் சேர்த்திருப்பீர்கள், இல்லையென்றால் காயாத அடியின் மேல் தேய்த்திருப்பீர்கள். நிழலை முன்கூட்டியே தேவைக்கு மேல் கலந்து வைத்துக்கொண்டு, பெரிய பிரஷில் ஒரே மூச்சில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சேறானதைப் பெரிதாகக் காப்பாற்ற முடியாது. நனைத்து ஒற்றி எடுத்து வெளுக்கவைத்து மறுநாள் ஒரு தடவை முயலலாம், பலன் பாதிதான்.

பனி வெள்ளையாகவே தெரியவில்லை

வானம் வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். மப்பும் மந்தாரமுமான பனிநாளில் கூரைப் பனியைவிட வானம் ஒரு படி கறுப்பு. வானத்தைச் சாம்பலாக்கினால் தொடாமல் விட்ட தாள் தானாகவே பனியாகிவிடும். வெயில் நாளென்றால் பனி நிழலுக்குத் தண்ணீரான அல்ட்ராமரைன், சிவப்புச் சுவருக்கு அடியில் மட்டும் அதில் துளி லைட் ரெட். தரைப் பனியில் எகிறும் வெளிச்சத்தால் இறவாணத்தின் அடிப்பக்கம் நாம் எதிர்பார்ப்பதைவிட வெளிச்சமாக இருக்கும், அதைக் கறுப்பாக்க வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் காலண்டர் படம் மாதிரி இருக்கிறது

இதுதான் கஷ்டமான குறை, ஏனென்றால் தொழில்நுட்பம் எல்லாம் வந்த பிறகுதான் இது வரும். படத்தில் இருப்பதை எண்ணுங்கள்: உடைந்த வண்டிச்சக்கரம், துருப்பிடித்த டிரக், மூன்று கோழி, காற்றாலை, அஸ்தமனம், வேலியில் ஒரு பறவை. இவையெல்லாம் "பழசு, பழசு" என்று கத்துகின்றன, கொட்டகைக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. என் கருத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிடலாம், சக்கரத்தை எப்போதுமே எடுத்துவிடலாம்.

ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் 1926ல் வரைந்த, நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜ் கொட்டகைகளைத் தேடிப் பாருங்கள். விஸ்கான்சினில் பால் பண்ணையில் பிறந்தவர் அவர், வேண்டுமானால் பண்ணைச் சாமான் எத்தனையோ சேர்த்திருக்க முடியும், ஒன்றும் சேர்க்கவில்லை. வையத்தை எடுத்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போனது முக்கியமாக இரண்டு இடங்களுக்கு, மெய்னில் அந்த ஆல்சன் வீடும் பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டில் கர்னர் பண்ணையும். பின்டரெஸ்டில் ஆளுக்கொரு கொட்டகையை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரே கொட்டகையைக் காலை, மாலை, மழை என்று வரைவது இந்தக் குறைக்கு நல்ல மருந்து. நியூ ஜெர்சி, ஃபிலடெல்ஃபியா பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்குச் சாட்ஸ் ஃபோர்டு ஒரு நாள் பயணம்தான், பிராண்டிவைன் அருங்காட்சியகம் அந்தப் பண்ணையைப் பராமரிக்கிறது. போகும் முன் திறந்திருக்கும் மாதங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைப்படத்தில் இருப்பதை இருக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும் என்ற பயமும் காலண்டர்த்தனத்துக்கு ஒரு காரணம். 'கிறிஸ்டினாஸ் வேர்ல்டு' படத்திலேயே வையத் வீட்டையும் கொட்டகையையும் பிரித்து வைத்து, நிலத்தின் அமைப்பையும் மாற்றியிருக்கிறார். நீங்கள் ஒரு மரத்தை நகர்த்துவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே முடித்த படத்தைச் சரிசெய்ய: அட்டையை எல் வடிவத்தில் இரண்டு துண்டாக வெட்டி, படத்தின் மேல் எதிரெதிராக வைத்துச் சட்டம் மாதிரி நகர்த்திக்கொண்டே போங்கள். அஸ்தமனம் வெளியே போய், சக்கரம் வெளியே போய், ஒரு சுவரும் கூரையின் ஓர் ஓரமும் கதவின் இருட்டும் மட்டும் சட்டத்துக்குள் இருக்கும் ஒரு இடம் வரும். அங்கே பென்சிலில் குறித்து, ஸ்கேல் வைத்து வெட்டிவிடுங்கள். வெட்டிய ஓரங்களைக் குப்பையில் போட வேண்டாம், அதே தாள் என்பதால் அடுத்த படத்துக்கு டிரைபிரஷ் சோதிக்க உதவும்.